தங்கம் படக்கூடாது

"உன் மூத்திரத்துலயும் இருக்கு தம்பி" என்று டாக்டரம்மா சொன்னதும் மந்திரமூர்த்தி தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பச்சைத் துணித் தடுப்பும் அதில் யாரோ காயப்போட்ட துண்டும்தான். அவன் நோயாளி கிடையாது. ஒன்பது நாளாக நோயாளிக்கு இட்லி வாங்கி வருகிறவன், சீட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நிற்கிறவன். நோயாளி அக்கா. அக்கா உலகேஸ்வரிக்குத்தான் முகம் வீங்கியது, கால் வீங்கியது, கிட்னி ஒழுகுகிறது, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் எல்லாம் வெளியே போகிறது என்றார்கள். போன வாரம் வீட்டில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து ஒரு நாள் முழுக்கப் பிடித்துத் தரச் சொன்னபோது அவன் கேலிதான் பண்ணினான். "என்னம்மா, குடும்பத்துக்கே போட்டி வைக்காவளா? யாருக்கு முதப் பரிசு?" என்றான். அம்மாகூடச் சிரித்தாள். இப்போது டாக்டரம்மா தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்து விரலால் காட்டுகிறார். பாதரசம். அக்காவுக்கு எக்கச்சக்கம். அம்மாவுக்குக் கொஞ்சம். அவனுக்கு அம்மாவைப்போல மூன்று பங்கு. "மூஞ்சில என்ன போடுற?" "ஒண்ணும் போட மாட்டேன் மேடம். சோப்புதான்." "அப்ப எப்படி வந்துச்சு?" பதில் தெரியும் என்பதுதான் கேவலம். "உங்க வீட்டுல ஏதோ ஒரு கிரீம் இருக்கு. அது எனக்கு வேணும். வேற யார் யாரு போட்டாங்கன்னும் வேணும். உங்க அக்கா கடலைமாவு, மஞ்சள்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கா. கடலைமாவுல பாதரசம் வராது. போய் எடுத்துட்டு வா. ரெண்டு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டு. கழுவி ஊத்திராத, சாக்கடையில தள்ளிராத, எரிச்சிராத. தண்ணியில போனா மீனுக்குப் போகும், மீன் உன் தட்டுக்கு வரும். அது எங்கயும் போகாது. புரியுதா?" புரிகிறது என்று தலையை ஆட்டினான். தலை ஆடியது. கையும் ஆடியது. கையை அவன் ஆட்டவில்லை.

அந்தக் கை ஆடுவதை அவன் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். போனை ரொம்ப நேரம் பிடிப்பதால் என்று நினைத்தான். தூக்கம் இல்லாததால் என்று நினைத்தான். பதினெட்டு வயதில் கை ஆடினால் எவன்தான் பயப்படுவான்? வார்டை விட்டு வெளியே வரும்போது அக்கா கட்டிலிலிருந்து அந்தக் கையைத்தான் பிடித்தாள். அவள் விரல் ஒவ்வொன்றும் மெழுகுவர்த்தி மாதிரி தடித்திருந்தது. அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். "சொல்லிராதலே மந்திரம். நான்தான் மஞ்சள்னு சொல்லிட்டேம்லா. அதுலயே நின்னுருவோம்." "எக்கா, அவங்க கண்டுபிடிச்சிட்டாவ." "கண்டுபிடிச்சா பிடிச்சுட்டுப் போறாவ. நீதான்னு சொல்லிராத. போலீசு வந்து ஒன்னையப் பிடிச்சுட்டுப் போயிட்டா அம்மைக்கு யாரு? டப்பாவுல என் பேருலா கெடக்கு." அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். கண் இடுக்கில் இரண்டு கோடுதான் தெரிந்தது, கண் தெரியவில்லை. ஜங்ஷனில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் மணிக்கட்டில் அவள் பிடித்த இடம் ஈரமாகவே இருந்த மாதிரி இருந்தது. துடைத்தான். துடைத்த கையை எதில் துடைப்பது என்று தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பேட்டை தாண்டுவதற்குள் மாமா போன் பண்ணிவிட்டார். அம்மாவின் தம்பி, அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான், வீரவநல்லூர் பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவரும் அவர்தான். அம்மா அதற்குள் சொல்லியிருக்கிறாள். "மருமவனே, எங்கருக்க?" "பஸ்ல." "நல்லது. நேரா வீட்டுக்குப் போ. கட்டிலுக்கு அடியில இருக்கதை ஒண்ணு விடாம அள்ளு. கால்வாய்ல கொட்டிட்டு வாளியை நல்லாக் கழுவிக் கவுத்திரு. டாக்டரு கேட்டா மெட்ராஸ்ல யாரோ குடுத்தாவ, தீந்துபோச்சுன்னு சொல்லு." "மாமா, அக்காவுக்கு..." "அக்காவுக்கு என்னலே, வைத்தியம் பாக்காவல்லா? நீ டப்பாவைக் காட்டினா மட்டும் அவ எந்திரிச்சு ஓடிருவாளா? சொன்னதைச் செய்யி." வைத்துவிட்டார். மாமா எப்போதும் தன் பேச்சு முடிந்ததும் வைத்துவிடுவார்.

கட்டிலுக்கு அடியில் வாளி. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. வெள்ளை வாளி, பெயிண்ட் வாளி மாதிரி, மூடியில் ஒரு எழுத்து கிடையாது. மாமா வரவழைத்துக் கொடுத்தது. பதினொன்றாம் வகுப்போடு படிப்பு போதும் என்று அவன் வந்துவிட்டபோது, "நீயும் ஒரு முதலாளிதாம்லே" என்று தோளில் தட்டிக் கொடுத்தது. ஐஸ் குச்சியால் எடுத்து, சின்ன டப்பாவில் அடைத்து, மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இரும்புக் கரண்டி போடாதே, அலுமினியம் போடாதே என்று மாமா சொல்லியிருந்தார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதையும் தூசி விழும் என்று சாத்திவிடுவான். ஃபேனைப் போட்டால் காகிதம் பறக்கும். வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அடைப்பான். அடைத்து முடித்துவிட்டு அதே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வான். ஆறு மாதம். அவனுக்குக் கீழே மூடி சரியாகப் பொருந்தாத வாளி. முகத்தில் ஒரு பொட்டுகூட வைத்ததில்லை, அவனுக்கு எதற்கு நிறம், ஆம்பளைக்கு எதற்கு? அப்படியென்றால் மூக்கு வழியாகப் போயிருக்கிறது. மூச்சு விட்டதே தப்பா? பஸ்ஸில் மூச்சை ஒரு நிமிடம் அடக்கிப் பார்த்தான். அடக்கி என்ன, இது பஸ். வாளிக்குள் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது முதல் நாள். இங்கிலீஷ். நாலு வரி. அவனுக்கு இங்கிலீஷ் வராது என்று டீச்சர் சொன்னது பொய். அந்த நாலு வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான். தங்கம், வெள்ளி, அலுமினியம், நகை எதுவும் படக்கூடாது. அவ்வளவுதான் போட்டிருந்தது. ஏன் என்று போடவில்லை. மாமாவிடம் காட்டினான். "அதாம்லே தரம். சும்மா கிரீம்னா தங்கத்தை என்ன செய்யும்? இது பவரு." அவன் நம்பினான். நம்பினது மட்டுமா? அதைச் சொல்லியே விற்றான். ஒவ்வொருத்தியிடமும் குரலைத் தாழ்த்தி, "எக்கா, தங்கம் மட்டும் படாமப் பாத்துக்கோங்க, அவ்வளவு பவரு" என்பான். உடனே அவர்கள் கண்ணைப் பார்க்க வேண்டும். வாங்காமல் போனவள் கிடையாது. இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. தங்கத்துக்கு ஆகாதது தோலுக்கு எப்படியடா ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கொடுத்தார்கள். அவனும் கேட்கவில்லை. அவன்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அக்கா மட்டும் தங்கத்தையும் கழற்றவில்லை. நிச்சயதார்த்தத்தில் கணபதிராமன் அத்தான் போட்ட மோதிரம். கல்யாணம் வரைக்கும் அதை விரலை விட்டு எடுக்கக்கூடாது என்று அத்தானின் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதே வாயால்தான், வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பொண்ணு களையா இருக்கா. நிறந்தான் கொஞ்சம் மட்டு. அதுக்கென்ன, கல்யாணத்துக்குள்ள நிறம் வச்சிரும்" என்றாள். யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன்தான் ஒரு டப்பாவைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டான். "இந்தா, ஒங்க அத்தை வாயை அடைக்க." மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போடு என்று ஒரு தடவை சொன்னான், ஒரே ஒரு தடவை. "கழட்டுனா ஆகாதுலே, கிறுக்கா" என்றாள். விட்டுவிட்டான். மூன்றாம் வாரம் அவளைப் பார்த்துத் தெருவே நின்றது. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஒலகு, அடையாளமே தெரியலியே" என்றார். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தான். ஸ்டிக்கரில் அவள் பேரையே போட்டான்: உலகு க்ளோ. "பாத்தியா, நான் கம்பெனி ஆயிட்டேன்" என்று அம்மாவிடம் காட்டினாள். கொஞ்ச நாளில் முகம் உப்ப ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கன்னம் இரண்டும் பொம்மென்று இருக்கும். அம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பூசுனாப்ல ஆயிட்டா, கல்யாணக் களை வந்துட்டு" என்று நெட்டி முறித்தாள். திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டாள். வீங்கிப்போன முகத்துக்குத் திருஷ்டி! அவனும் அதைப் படம் எடுத்தான். அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் பதினொரு பேர் கேட்டார்கள். அவள் போய்வந்த கழிவறையில் நுரை நுரையாக நிற்கும். கழுவுகிற பவுடர் ஒழுங்காகப் போகவில்லை என்று அவன் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றுவான். ஊற்றி ஊற்றி அனுப்பினான். கொலுசு போட்ட இடத்தில் பள்ளம் விழுந்து மறையாமல் இருந்தபோதும் கொலுசுதான் சின்னதாகப் போய்விட்டது என்றார்கள்.

பத்தமடையில் யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். மல்லிகைப்பூ, பவுடர், தலைச்சாயம், சென்ட் என்று வாசனை மொத்தமாக வந்து மூஞ்சியில் அடித்தது. முந்தைய நாள்வரை அது வெறும் பஸ் வாசனை. முன் சீட்டு ஆளின் பிடரியில் சாயம் காது மேல்வரை கறுப்பாக இறங்கியிருந்தது. பக்கத்துப் பெண்ணின் கழுத்து மடிப்பில் பவுடர் வெள்ளைக் கோடாக நின்றது. அதில் எல்லாம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது இல்லை, அதை எழுதினவன் யார் என்று கேட்க வேண்டும். அவனே எழுதியிருக்கிறான். 'மூலிகைச் சாறு கலந்தது' என்று மாமா சொன்னதை ஸ்டிக்கரில் போட்டது அவன்தான். எந்த மூலிகை என்று ஒரு ஆள் கேட்டிருந்தால் முழித்திருப்பான். ஜன்னலைத் திறந்துவிட்டான். பேன்ட் பையில் அந்த மோதிரம் தொடையை உறுத்தியது. அதை வேறு நினைக்க வேண்டியிருக்கிறது. அக்கா விரலில் அது வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் ஓரம், பிறகு உட்பக்கம், கடைசியில் முழுசாக ஈயம் மாதிரி. அம்மா அலறினாள். மாமா அத்தான் வீட்டு வாசலிலேயே போய் நின்று, "முலாம் பூசின மோதிரத்தைப் போட்டு எங்க புள்ளையைக் கட்டிட்டுப் போகலாம்னு பாக்கியளோ? போலித் தங்கம் போடுத குடும்பத்துல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்று கத்தி, மோதிரத்தை அவர்கள் நடையில் வீசிவிட்டு வந்தார். அந்தத் தெருவே பார்த்தது. கல்யாணம் நின்றது. மறு வாரம் அக்கா ஆஸ்பத்திரியில். அங்கேயும் அம்மா சும்மா இருக்கவில்லை. டாக்டரம்மாவிடம், "அந்தப் பாவிப் பயலுவ போட்ட மோதிரம் வெள்ளையாப் போச்சும்மா, அந்த ஏக்கந்தான் எம் புள்ளைக்கு" என்று அழுதாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி, "வெள்ளையாவா?" என்று கேட்டார். அங்கேதான் பிடித்தார். அந்தச் சாயங்காலம்தான் மூன்று கேன்.

அவனுக்கு அதற்கு அடுத்த நாளே தெரியும். இதை யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வாங்க அவன் மாமா கடைக்கு வந்திருந்தான். மாமா இல்லாத நேரம் பார்த்துக் கணபதிராமன் அத்தான் அங்கே வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை. "மாப்ள, இங்க வா" என்று கூப்பிட்டு உள்ளங்கையில் மோதிரத்தை வைத்தார். மஞ்சளாக இருந்தது. புதுசு மாதிரி மஞ்சள். "புதுசா வாங்கினதா அத்தான்?" "அதேதாம். நகைப் பத்தர் தீயில காட்டுனாரு. வெள்ளை எல்லாம் போயிட்டு. போலியும் இல்ல, முலாமும் இல்ல, பாதரசம் ஒட்டியிருக்குன்னாரு. எங்க வீட்டுல யாரும் பாதரசத்தைக் கையால தொட்டதில்ல. ஒங்க வீட்டுல யாருலே தொடுதா?" அவன் தெரியாது என்றான். அத்தான் நம்பினாரா இல்லையா, சொல்ல முடியாது. "அவகிட்டக் குடுத்துரு. நான் கொண்டாந்தேன்னு சொல்லு. எங்க அப்பா தூக்கிப் போடச் சொன்னாரு, நான் போடல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாளாகிறது. கொடுக்கவில்லை. கொடுத்தால் எப்படி மஞ்சளானது என்று கேட்பாள். பாதரசம் என்றதும் அவனுக்குப் பள்ளிக்கூட லேப்தான் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் எவனோ தெர்மாமீட்டரை உடைத்து, வெள்ளி உருண்டை உருண்டையாக பெஞ்சுக்கு அடியில் ஓடியது. அட்டையால் கூட்டிச் சேர்த்தால் ஒரு பெரிய உருண்டை, தட்டினால் நூறு. எவ்வளவு அழகு! சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன பயல்கள்கூட உண்டு. கெமிஸ்ட்ரி சாருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது, எல்லாரையும் வெளியே விரட்டினார். அந்த ஆளைப் பயந்தாங்கொள்ளி என்று வருஷம் முழுக்கக் கேலி பண்ணினார்கள். கேலியை ஆரம்பித்தவன் மந்திரமூர்த்தி.

வீட்டைத் திறந்தபோது ஒன்பது நாள் அடைத்து வைத்த சூடு வெளியே வந்தது. வாசலிலேயே நின்றான். தன் வீட்டுக்குள் போகப் பயந்து ஒருத்தன் வாசலில் நிற்பதா? மூக்கில் கைலியைக் கட்டிக்கொண்டு போய் முதலில் ஜன்னலைத் தள்ளினான். அக்காவின் தலையணை உறை, அக்காவின் துண்டு, அந்தத் துண்டில்தான் அம்மாவும் முகம் துடைப்பாள், ஓ, அம்மாவுக்கு அப்படித்தான் வந்ததா? எல்லாம் அதனதன் இடத்தில் நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. கட்டிலுக்கு அடியில் வாளி, பக்கத்தில் அட்டைப்பெட்டியில் அடைத்துவைத்த டப்பா நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றின் மூடியிலும் அக்கா. ஜன்னல் வெளிச்சத்தில் பூசினாற்போல் சிரிக்கிற அக்கா. இவ்வளவு முகம் எதற்கு? மறைப்பதற்காக உறையைத் தேடினான். டாக்டரம்மா சொன்னபடி பாலித்தீன் பைக்குள் பாலித்தீன் பையாகப் போட்டு, வாளியில் கொஞ்சம்தான் மிச்சம், அதையும் மூடியோடு சேர்த்துக் கட்டி, எல்லாவற்றையும் மாமா கடைச் சாக்கு ஒன்றில் இறக்கினான். ஒரே ஒரு டப்பாவை மட்டும் வெளியே எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். எதற்கு என்று அப்போது தெரியாது. சாக்கைத் தூக்கித் தோளில் போட்டபோது போன் மறுபடியும். "கொட்டிட்டியாலே?" "போறேன் மாமா." "சுருக்காப் போ. யாராவது வந்துட்டாம்னா..." யார் வருவார்கள் என்று மாமா சொல்லவில்லை. மாமாவின் குரலிலும் ஒரு நடுக்கம் இருந்தது. அது பாதரசமா பயமா, அதற்கும் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும். மாமா கடையிலும் இதே மாதிரி ரெண்டு வாளி நிற்கிறதே!

கால்வாயில் தண்ணீர் பாதிப் படி வரை போய்க்கொண்டிருந்தது. கடைசிப் படியில் ஒருத்தி தன் பிள்ளைக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அது மிதந்து போய், ஏற்கெனவே படியோரம் ஒட்டிக் கிடந்த பாக்கெட்டுகளோடு சேர்ந்துகொண்டது. நுரை நீளமாக வயல் பக்கம் போயிற்று. அந்தத் தண்ணீர்தான் நெல்லுக்கு, அதில்தான் கெண்டை பிடிப்பார்கள், அம்மா புளி போட்டு வைப்பாள், அவனும் ரெண்டு தட்டு தின்பான். அது எங்கயும் போகாது என்றாரே டாக்டரம்மா. நுரைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சட்டைப்பை டப்பா நெஞ்சில் இடித்தது, பேன்ட் பை மோதிரம் தொடையில் இடித்தது. அப்போதுதான் எதற்கு எடுத்தான் என்று விளங்கியது. விரலில் பாலித்தீன் உறையைச் சுற்றிக்கொண்டு, மோதிரத்தைக் கிரீமுக்குள் அமுக்கித் தேய்த்தான். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா. ஒன்றும் ஆகாது, பத்தருக்கு வயதாகிவிட்டது, டாக்டரம்மா லேபில் பேரை மாற்றி எழுதிவிட்டார்கள், உலகத்தில் எவ்வளவோ நடக்கிறது. தேய்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளைக்குத் தலை தேய்த்து முடிந்தது. ஒரு லாரி பாலத்தைத் தாண்டிப் போனது. பார்த்தான். ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு வெளுத்திருந்தது. துடைத்தான், போகவில்லை. இன்னும் தேய்த்தான். மஞ்சள் போய்க்கொண்டே இருந்தது. அவன் கண்ணுக்கு முன்னாலேயே, தங்கம், ஒரு பவுன் தங்கம், ஈயம் மாதிரி ஆனது. இதைத்தான் அக்கா தினமும் இரண்டு வேளை, கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கழுத்தில். அவள் நிறத்தைச் சுரண்டுகிற சாமான் இது. இது அவன் கொடுத்தது. "ஏ தம்பி, என்ன, குப்பையா?" என்று அந்தப் பெண் சாக்கைப் பார்த்துக் கேட்டாள். "ஆமா." "அந்தா, அந்த ஓரமாத் தள்ளிவிட்டுட்டுப் போயேன். எல்லாவளும் இங்கனதான தட்டுதாவ. வெயில்ல என்னத்துக்கு உக்காந்திருக்க?" அவன் சாக்கின் கழுத்தைப் பிடித்தான். தூக்கவும் செய்தான். பிள்ளை தண்ணீரை வாயில் மொண்டு அவனைப் பார்த்துக் கொப்பளித்துச் சிரித்தது. "எக்கா, புள்ளையை மேல ஏத்துங்க" என்று கத்திவிட்டான். "ஏன், பாம்பா?" என்று அவள் அலறிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். பாம்பு இல்லை என்று சொல்வதற்குள் அவள் நாலு படி ஏறிவிட்டாள். அவனும் சாக்கோடு ஏறிவிட்டான்.

பஸ் ஸ்டாப்பில் போனைத் திறந்தால் முகமாக இருக்கிறது. கிரீம் வாங்கினவர்களின் வாட்ஸ்அப் குரூப், முப்பத்தொரு பேர். குரூப்புக்கும் அக்கா பேர்தான். முன்னால் படம், பின்னால் படம், நெற்றி, கன்னம், "தம்பி, இன்னும் ரெண்டு டப்பா", "தம்பி, மோதிரத்தைக் கழட்டிட்டேன், பயப்படாத". தபால் ஆபீஸ் தெரு சாந்தகுமாரி அக்கா ஏழாம் மாதம். வளைகாப்புக்கு முகம் எடுப்பாக இருக்க வேண்டும் என்று போன வாரம்தான் வாங்கினாள். எழுத வரவில்லை. எழுதினால் தப்புத் தப்பாக வரும், கை வேறு நடுங்குகிறது. குரல் பதிவை அமுக்கினான். "நான் மந்திரம் பேசுதேன். நான் குடுத்த கிரீமை யாரும் போடாதிய. அதுல பாதரசம் இருக்கு. எங்க அக்காவுக்கு அதுலதான் கிட்னி போயிட்டு, மஞ்சள்ல இல்ல. எனக்குத் தங்கம் படக்கூடாதுன்னு தெரியும். ஏன்னு தெரியாது. ஏன்னு நான் கேக்கல. டப்பாவை வெளிய கொட்டாதிய, கவர்ல கட்டி வைங்க, நானே வந்து வாங்கிக்கிடுதேன். எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் பாருங்க. ஒங்க பேரை நான் டாக்டர்கிட்டச் சொல்லப் போறேன்." விரலை எடுத்தான். போய்விட்டது. அக்கா, நின்னுருவோம் என்றாயே, நிற்க முடியவில்லை. அக்காவின் போனும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறது, தலையணைக்கு அடியில். கேட்டவர்கள் கணக்கு ஏறியது, ஒன்று, இரண்டு, ஐந்து. ஒருத்தி கெட்ட வார்த்தையில் ஆரம்பித்திருந்தாள். ஒருத்தி இது என்ன விளையாட்டு என்றாள். சாந்தகுமாரி அக்காவிடமிருந்து ஒரே வரி. "தம்பி வயித்துல புள்ளைக்கு?" அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். வாளித் துண்டுச் சீட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. மாமா போன் வந்தது. அறுத்தான். மறுபடி வந்தது. அறுத்தான். பஸ் வந்தது.

பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டுதான் காலி. பக்கத்தில் ஒரு பெண், அவள் மடியில் கைக்குழந்தை. நாலு மாதம் இருக்கும். கன்னம் பூரா பவுடர், நெற்றியில் திருஷ்டிப் பொட்டு, கையில் குட்டி மோதிரம். குழந்தை சாக்கைப் பார்த்துக் கையை நீட்டியது. மந்திரமூர்த்தி பின்வாங்கிப் பின் படிக்கே வந்துவிட்டான். சாக்கைக் கதவுப் பக்கம், காற்று வெளியே அடித்துக்கொண்டு போகிற பக்கமாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டான். இரண்டு பாலித்தீன் போதுமா, மூன்று போட்டிருக்க வேண்டுமோ? கை நடுங்கியது. விட்டுவிடக்கூடாது என்று இன்னொரு கையையும் கொடுத்தான், கம்பியை முழங்கையால் கோத்துக்கொண்டான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ தம்பி, படியில நிக்காத. சீட்டு கெடக்குல்லா, போயி உக்காரு." அந்தப் பெண்ணும் சேலையை இழுத்துவிட்டு, குழந்தையை இந்தப் பக்கம் ஒருக்களித்து வைத்து, "வா தம்பி, எடம் இருக்கு" என்று நகர்ந்து உட்கார்ந்தாள். சேரன்மகாதேவி போய், பத்தமடை போய், பேட்டை வந்து, பஸ்ஸில் பாதி ஆள் இறங்கினார்கள். கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார், மூன்றாம் தடவை கத்தினார். அவன் உட்காரவில்லை.